உயிரியல் மாணவருக்கு எவ்வளவு வேதியியல் வேண்டும்? எலக்ட்ரானில் தொடங்கி நொதி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் சில அத்தியாயங்களிலேயே அணு, பிணைப்பு, பிஎச், மோல் என்று வேதியியல் வந்து நிற்கும். தவளையும் தாவரமும் படிக்கலாம் என்று வந்தவர்கள் இந்த இடத்தில்தான் மனப்பாடத்தில் இறங்குகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. முதலாண்டு விலங்கியல், தாவரவியல், நர்சிங் படிப்புகளுக்கு வேண்டிய வேதியியலில் பெரும்பகுதி ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்: எலக்ட்ரான் யார் பக்கம் சாய்கிறது? கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்.

படி 1: வீட்டுச் சொல் வேறு, பாடச் சொல் வேறு

தமிழில் படிப்பவர்கள் இடறும் முதல் இடம் இது. சொல் தெரியாததால் வரும் சிக்கல் இல்லை, சொல் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் வருவது.

காரம்: வீட்டில் இது மிளகாயின் உறைப்பு. வேதியியலில் அமிலத்துக்கு எதிரானது. வகுப்பில் 'பேஸ்' என்பார்கள். சுண்ணாம்பு நீர், சோப்புக் கரைசல், ஆப்ப சோடா எல்லாம் காரங்கள். நாவைச் சுடும் மிளகாயின் கேப்சைசின் இந்தப் பட்டியலில் வராது.

கரைதல்: "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்கிறோம். பாடத்தில் அது உருகுதல். ஒரே பொருள் திண்மத்திலிருந்து திரவமாகிறது. கரைதலுக்கு இரண்டு பொருள் வேண்டும். காபியில் சர்க்கரை கரைகிறது; அங்கே சர்க்கரை கரைபொருள், தண்ணீர் கரைப்பான், இரண்டும் சேர்ந்தது கரைசல்.

உப்பு: சமையலறையில் ஒன்றுதான் உப்பு. வேதியியலில் அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர்; மயில்துத்தமும் உப்பு, பேதி உப்பும் உப்பு. அதேபோல 'சுகர்' என்றால் கடையில் வாங்கும் சுக்ரோஸ் மட்டும் ஆகாது. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், பாலில் உள்ள லாக்டோஸ் எல்லாமே சர்க்கரைகள்.

ஆர்கானிக்: காய்கறிக் கடையில் 'உரம் போடாதது'. வகுப்பில் கார்பனைச் சட்டமாகக் கொண்ட சேர்மம், அதாவது கரிமச் சேர்மம். பூச்சிமருந்துகளில் பலவும் கரிமச் சேர்மங்கள்தான் என்பதைக் கேட்டால் அந்தக் கடைக்காரருக்குப் பிடிக்காது. 'கெமிக்கல் இல்லாத உணவு' என்று எழுதியிருந்தால் பொட்டலம் காலி என்று பொருள்.

வலிமை, அடர்வு: இந்த இரண்டைக் குழப்பாத மாணவர் குறைவு. வலிமையான அமிலம் என்றால் தண்ணீரில் விழுந்ததும் ஏறக்குறைய முழுவதும் அயனிகளாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களாக, பிரிந்துவிடும் அமிலம். அடர் அமிலம் என்றால் ஒரு லிட்டரில் நிறைய அமிலம் இருக்கிறது என்று பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலம், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் இரண்டையும் ஒரே 0.1 மோலார் அடர்வில் (படி 6) எடுத்தால் முதலாவதின் பிஎச் 1, இரண்டாவதின் பிஎச் சுமார் 2.9; பிஎச் குறைந்தால் அமிலத்தன்மை அதிகம் (படி 5). அடர்வு ஒன்று, வலிமை வேறு.

ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ப் பாடநூல் சொல்லையும் வலப்பக்கம் கல்லூரியில் காதில் விழும் சொல்லையும் எழுதி வையுங்கள்: சகப்பிணைப்பு – கோவேலண்ட் பாண்டு, தாங்கல் கரைசல் – பஃபர், நொதி – என்சைம், நீராற்பகுப்பு – ஹைட்ராலிசிஸ், வினைச்செயல் தொகுதி – ஃபங்ஷனல் குரூப். நாற்பது சொல் சேர்ந்தால் முதல் செமஸ்டருக்குப் பெரும்பாலும் போதும்.

படி 2: அணுவில் வெளிக்கூட்டை மட்டும் பாருங்கள்

புரோட்டான் எண்ணிக்கைதான் அணு எண். அதுவே தனிமத்தின் அடையாளம். நியூட்ரான் கூடக்குறைய இருந்தால் ஐசோடோப்பு. கார்பன்-12, கார்பன்-14 இரண்டும் கார்பன்தான். பின்னது கதிரியக்கம் உடையது, அரை ஆயுள் சுமார் 5730 ஆண்டு. கீழடியின் கரித்துண்டுகளைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசென்றது இந்தக் கணக்குதான்.

உயிரியலுக்கு வேண்டியது வெளிக்கூட்டில் உள்ள இணைதிறன் எலக்ட்ரான். நம் உடல் நிறையில் சுமார் 96 விழுக்காடு ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் என்ற நான்கு தனிமங்கள். இவை போடும் பிணைப்புகளின் எண்ணிக்கையை ஏறுவரிசையில் மனத்தில் வையுங்கள்: ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2, நைட்ரஜன் 3, கார்பன் 4. பரீட்சையில் குளுக்கோஸோ அமினோ அமிலமோ வரைந்த பிறகு ஒவ்வொரு கார்பனிலும் நான்கு கோடு இருக்கிறதா என்று எண்ணினாலே பாதிப் பிழை பிடிபடும். ஐந்து கோடு உள்ள கார்பன் விடைத்தாள்களில் மட்டுமே வாழ்கிறது.

குறியீடுகளில் ஒரு சின்னப் பொறி உண்டு. சோடியத்தின் குறியீடு நேட்ரியம் என்ற லத்தீன் பெயரிலிருந்தும், பொட்டாசியத்தின் குறியீடு கேலியம் என்ற பெயரிலிருந்தும் வந்தவை. அதனால்தான் பொட்டாசியத்துக்கு 'கே'. 'பி' என்றால் பாஸ்பரஸ்.

படி 3: கயிறு இழுக்கும் போட்டி

இரண்டு அணுக்கள் எலக்ட்ரான் இணையைப் பங்கிடும்போது யார் எவ்வளவு இழுக்கிறார் என்பதற்கு ஓர் எண் உண்டு. பாடநூலில் எலக்ட்ரான் கவர்தன்மை, வகுப்பில் எலக்ட்ரோநெகட்டிவிட்டி. லினஸ் பாலிங் 1932இல் தந்த அளவுகோலில் ஐந்து எண் போதும்: ஆக்சிஜன் 3.4, நைட்ரஜன் 3.0, கார்பன் 2.6, ஹைட்ரஜன் 2.2, சோடியம் 0.9.

இனிமேல் வெறும் கழித்தல்தான். கார்பன்–ஹைட்ரஜன் வித்தியாசம் 0.4, இழுப்பு ஏறக்குறைய சமம், முனைவற்ற சகப்பிணைப்பு. ஆக்சிஜன்–ஹைட்ரஜன் வித்தியாசம் 1.2, எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய்கின்றன, ஆக்சிஜனில் லேசான எதிர்மின்னும் ஹைட்ரஜனில் லேசான நேர்மின்னும் தங்கும். இது முனைவுற்ற சகப்பிணைப்பு. சோடியத்துக்கும் குளோரினுக்கும் (3.16) வித்தியாசம் 2.2க்கு மேல்; அங்கே பங்கீடே கிடையாது, எலக்ட்ரான் மொத்தமாகக் கைமாறி அயனிகள் உண்டாகின்றன. 0.5க்குக் கீழே முனைவற்றது, 1.7க்கு மேலே அயனிப் பிணைப்பு என்ற எல்லைக்கோடுகள் வசதிக்காகப் போட்டவை. இயற்கை அந்த இடத்தில் வேலி கட்டவில்லை.

அடுத்து வருவது ஹைட்ரஜன் பிணைப்பு. மதிப்பெண் அதிகம் போகும் இடம். ஒரு நீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்திருப்பது சகப்பிணைப்பு. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்ப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. படத்தில் முன்னதை முழுக்கோடாகவும் பின்னதைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள். வலிமையிலும் பெரிய வேறுபாடு: கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 347 கிலோஜூல் வேண்டும், நீரின் ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 போதும். டிஎன்ஏவின் இரண்டு இழைகள் பிரிந்து மீண்டும் சேர முடிவது இந்தத் தளர்வினால்தான். இழைகளை இணைக்கும் ஜோடிகளில் அடினின்–தைமின் இடையே இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, குவானின்–சைட்டோசின் இடையே மூன்று.

படி 4: தண்ணீர்

இந்த அத்தியாயத்துக்கு நேரம் கொடுங்கள். பிறகு வரும் சவ்வு, ரத்தம், சிறுநீரகம் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

நீர் மூலக்கூறு 104.5 டிகிரியில் வளைந்திருப்பதால் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். நேர்கோடாக இருந்திருந்தால் இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று தின்றிருக்கும். இந்த முனைவினால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே இருக்கின்றன. 1 கிராம் நீரை 1 டிகிரி சூடேற்ற 4.18 ஜூல் வேண்டும், உலர்ந்த மணலுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். மெரினாவில் மே மாத நண்பகலில் மணல் காலைச் சுடும்போது அலை குளிர்ந்திருப்பதற்குக் காரணங்களில் முக்கியமானது இது. பிற்பகலில் வரும் கடற்காற்றும் இந்த வெப்ப வேறுபாட்டால் உண்டாவதே.

அதே பிடிமானம்தான் வியர்வையை ஏ.சி. ஆக்குகிறது. 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சென்னையின் சிக்கல் என்னவென்றால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடும். வழிந்த வியர்வை உடலைக் குளிர்விக்காது. உப்புதான் போகும்.

எது எதில் கரையும்? முனைவுள்ளது முனைவுள்ளதில், முனைவற்றது முனைவற்றதில். சாம்பார் கிண்ணத்தின் மேலே மிதக்கும் எண்ணெய்த் திட்டுகளைப் பாருங்கள். மிளகாயின் சிவப்பும் மஞ்சளின் நிறமும் அந்தத் திட்டில் அடர்ந்து கிடக்கும், கீழே உள்ள நீர் மங்கலாகத் தெரியும். அந்த நிறமிகள் கார்பன்–ஹைட்ரஜன் நிறைந்தவை, நீர் வெறுப்பவை. கேப்சைசினும் அப்படியே, அதனால்தான் உறைப்புக்குத் தண்ணீர் குடித்துப் பயனில்லை, கொழுப்பும் கேசின் என்ற புரதமும் உள்ள பாலோ தயிரோ வேலை செய்கிறது. செல் சவ்வின் பாஸ்போலிப்பிடில் இந்த இரண்டு குணமும் ஒரே மூலக்கூறில் உள்ளன: பாஸ்பேட் தலை நீர் விரும்பும், கொழுப்பு அமில வால்கள் நீர் வெறுக்கும். தண்ணீரில் விட்டால் வால்கள் உள்ளே, தலைகள் வெளியே என்று தாமாகவே இரட்டை அடுக்கு உண்டாகிவிடும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அதன் ஊடே எளிதில் போகும். சோடியம் அயனி நீரை விட்டுவிட்டுக் கொழுப்புக்குள் நுழையாது, அதற்குப் புரத வாயில் வேண்டும்.

சவ்வூடுபரவலுக்கு மாவடுவை விடச் சிறந்த பாடம் கிடையாது. கெட்டியான வடுவை உப்பில் புரட்டி வைத்தால் மறுநாளே ஜாடியில் நீர் ஊறி நிற்கும், இரண்டொரு வாரத்தில் வடு சுருங்கிவிடும். வெளியே உப்பு அதிகம், எனவே நீர் செல்லை விட்டு வெளியேறியது. 'உப்பு நீரை உறிஞ்சியது' என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். நீரின் செறிவு அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு, அரைகடத்துச் சவ்வின் வழியே நீர் நகர்ந்தது என்று எழுதுங்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதன் சவ்வூடுபரவல் அழுத்தம் சுமார் 27 வளிமண்டலம், அதைத் தாண்டி அழுத்தினால்தான் நீர் எதிர்த்திசையில் வரும்.

பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்பதும் பாடத்தில் உண்டு. வேளச்சேரி ஏரி உறையப்போவதில்லை என்பதால் ஒரு வரி: உறையும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் மூலக்கூறுகளை விலக்கி நிறுத்துவதால் அடர்த்தி குறைகிறது.

படி 5: பிஎச்

பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கை அளவு. ஒரு படி இறங்கினால் செறிவு பத்து மடங்கு கூடும். பிஎச் 5 என்பது 7ஐ விட இரண்டு மடங்கு அல்ல, நூறு மடங்கு அமிலம். ரத்தம் 7.35 முதல் 7.45 வரைக்குள் நிற்க வேண்டும். பைகார்பனேட் தாங்கல் கரைசல் கூடுதல் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொண்டு அதைக் கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே வெளியேற்றுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கச் சங்குப்பூ போதும். பத்து நீலப் பூவின் இதழ்களை 100 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். ஐந்து கண்ணாடி டம்ளரில் 20 மில்லி வீதம் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் எலுமிச்சைச் சாறு, வினிகர், ஆப்ப சோடாக் கரைசல், சுண்ணாம்புத் தெளிநீர் என ஒவ்வொரு ஸ்பூன் சேருங்கள். அமிலத்தில் ஊதாவிலிருந்து இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை.

தவறு பெரும்பாலும் தண்ணீரில் நடக்கும். போர்வெல் நீரில் பைகார்பனேட் இருப்பதால் எதையும் சேர்க்கும் முன்பே நிறம் பச்சைப் பக்கம் சாயலாம், சிறிதளவு அமிலத்தையும் அது விழுங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதைத் திறந்து வைத்தால் காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச் 5.6 வரை இறங்கும். மீட்டர் 7 காட்டவில்லை என்று மீட்டரைத் திட்ட வேண்டாம்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதுவும் நிறங்காட்டிதான். மஞ்சள் காரத்தை மட்டும் காட்டும். எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளாகவே இருக்கும் என்பதால் அமிலத்துக்கும் நடுநிலைக்கும் வேறுபாடு சொல்லாது.

படி 6: மோல், மோலாரிட்டி, ஒரு கரைசல்

டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³. மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்தால் ஒரு மோல். குளுக்கோஸ் 180 கிராம், சோடியம் குளோரைடு 58.44 கிராம். ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல் இருந்தால் 1 மோலார். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் குளுக்கோஸ் 90 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்றிருந்தால் 18ஆல் வகுத்து 5 மில்லிமோல்/லிட்டர் என்று சொல்லலாம்.

0.2 மோலார் சோடியம் குளோரைடு 250 மில்லி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.2 × 0.25 × 58.44 = 2.92 கிராம். தராசில் தாளை வைத்து, எடையைப் பூச்சியமாக்கும் டேர் பொத்தானை அழுத்தி உப்பை எடையிடுங்கள். பீக்கரில் சுமார் 150 மில்லி நீரில் முழுக்கக் கரையுங்கள். புனல் வழியே 250 மில்லி திட்டக் குடுவைக்கு மாற்றி, பீக்கரை மூன்று முறை சிறிது நீரால் அலசி அதையும் ஊற்றுங்கள். அலசாவிட்டால் ஒட்டியிருக்கும் உப்பு கணக்கில் குறையும். கழுத்துக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்ததும் துளிக்குழாயால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீர்மட்டத்தின் பிறை வளைவின் அடிப்பகுதி கண் மட்டத்தில் கோட்டைத் தொட வேண்டும். மூடியைப் பிடித்துப் பத்து முறை தலைகீழாகத் திருப்புங்கள்.

உப்பின் மேல் 250 மில்லி நீரை அளந்து ஊற்றுவதே பொதுவான பிழை. கரைசலின் கொள்ளளவு 250 ஆக வேண்டும், நீரின் கொள்ளளவு அல்ல. இரண்டாவது பிழை பாட்டில் லேபிளைப் படிக்காதது. குளுக்கோஸ் மோனோஹைட்ரேட் என்று இருந்தால் மோலுக்கு 198 கிராம். 180 போட்டால் கரைசல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீர்த்துப் போகும். மூன்றாவது நம் ஊர் ஈரம். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் திறந்த சில நிமிடத்தில் ஈரம் குடித்துப் பளபளக்கும், எடை ஏறிக்கொண்டே போகும். நீரில் கரைக்கும்போது நன்றாகச் சூடாகும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். அடர் அமிலத்தை நீர்க்க வைக்கும்போது நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல.

படி 7: பெரிய மூலக்கூறுகள்

நான்கு குடும்பம் உண்டு, மூன்றில் ஒரே கட்டுமான முறை: சிறிய அலகுகள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும், பிரியும்போது ஒன்று உள்ளே வரும். பின்னது நீராற்பகுப்பு. ஒற்றைச் சர்க்கரைகள் கிளைக்கோசைடிக் பிணைப்பால் சேர்ந்து ஸ்டார்ச், 20 வகை அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் சேர்ந்து புரதம், நியூக்ளியோடைடுகள் சேர்ந்து டிஎன்ஏ, ஆர்என்ஏ. லிப்பிடுகளிலும் நீர் வெளியேறும். ஆனால் அவை நீண்ட சங்கிலி ஆவதில்லை, அதனால் அவற்றைப் பலபடி என்று எழுதாதீர்கள்.

வினைச்செயல் தொகுதியைப் பார்த்தால் குணத்தைச் சொல்லலாம். ஹைட்ராக்ஸில் இருந்தால் நீர் விரும்பும். கார்பாக்ஸில் புரோட்டானை விடும், எனவே அமிலம். அமினோ புரோட்டானைப் பிடிக்கும், எனவே காரம். இரண்டும் ஒரே மூலக்கூறில் இருப்பதால்தான் அமினோ அமிலம் என்ற பெயர்.

படி 8: நொதியும் ஓர் எலுமிச்சைப் பொறியும்

வினை தொடங்கத் தேவையான ஆற்றல் கிளர்வு ஆற்றல். நொதி அதைக் குறைக்கிறது, வினையின் வேகம் கூடுகிறது. விளைபொருளின் அளவைச் சமநிலைக்கு மேல் கூட்டவோ நடக்கவே முடியாத வினையை நடத்தவோ அதனால் முடியாது.

சோற்றுக் கஞ்சியை நன்றாக நீர்த்து முழுக்க ஆறவையுங்கள். ஸ்டார்ச்சில் அயோடின் பட்டால் நீலமாகும்; கஞ்சி சூடாக இருந்தால் அந்த நீலம் தோன்றவே தோன்றாது. மூன்று சோதனைக் குழாயில் 10 மில்லி வீதம் எடுங்கள். முதல் குழாயில் 1 மில்லி உமிழ்நீர், இரண்டாவதில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீர், மூன்றாவதில் வினிகர் ஒரு மில்லியும் உமிழ்நீரும். வெள்ளை ஓட்டில் அயோடின் சொட்டுகளை வரிசையாக வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி சேருங்கள். முதல் குழாயின் நீலம் மங்கி அயோடினின் பழுப்பே மிஞ்சும், மற்ற இரண்டிலும் நீலம் நிற்கும். ஸ்டார்ச்சை உடைக்கும் உமிழ்நீர் நொதியான அமைலேசுக்கு உகந்தது 37 டிகிரி, பிஎச் 6.8 அளவு. மே மாதத்தில் அறை வெப்பமே அதை நெருங்கும், வாட்டர் பாத் தேடத் தேவையில்லை.

மூன்றாவது குழாயில் வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்தால் முடிவு தலைகீழாகும். நொதி வேலை செய்யாதபோதும் நீலம் மறைந்துவிடும், 'அமிலத்தில் அமைலேஸ் நன்றாக இயங்கும்' என்று ரெக்கார்டு நோட்டில் ஏறிவிடும். ஸ்டார்ச் அங்கே அப்படியேதான் இருக்கிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி தன் எலக்ட்ரான்களை அயோடினுக்குக் கொடுத்துவிட்டது. கொடுத்தது ஆக்சிஜனேற்றம் அடைந்தது, வாங்கிய அயோடின் ஒடுங்கி நிறமற்ற அயோடைடு ஆனது. சந்தேகம் இருந்தால் அதே துளியில் இன்னும் சில சொட்டு அயோடினை விடுங்கள், வைட்டமின் சி தீர்ந்ததும் நீலம் திரும்பி வரும்.